பாட்டில் வரும் அந்த ஒரு சொல்லை நான் பாடலாமா?

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். எனக்கு 26 வயது. திண்டுக்கல் பக்கம் சொந்த ஊர். அட்லாண்டாவில் எம்.எஸ். முடித்துவிட்டு இங்கேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாளிலிருந்தே ராப் என்றால் எனக்கு உயிர். கென்ட்ரிக் லமார், அவுட்காஸ்ட் பாட்டுகளை ஒரு வரி விடாமல் சொல்லுவேன். ஆங்கிலம் பேச எனக்கு வாய் வந்ததே இந்தப் பாட்டுகளால்தான்.

போன மாதம் எங்கள் டீம் கரோக்கி பாடப் போனது. நான் மைக்கைப் பிடித்து லமார் பாட்டு ஒன்றைப் பாடினேன். டீமில் கறுப்பின நண்பர் ஒருவர் இருக்கிறார். நான் வந்த புதிதில் வாடகைக்கு வீடு பார்க்கவும் டிரைவிங் டெஸ்டுக்குப் பழகவும் என்னோடு அலைந்தவர். அவரும் கூடச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். கறுப்பின மக்களை இழிவுபடுத்துகிற, ஆங்கில 'என்' எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல் வந்த இடத்தில் நானும் அதைச் சத்தமாகப் பாடிவிட்டேன். பாட்டில் அது திரும்பத் திரும்ப வரும். அவர் பாடுவதை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். மறுநாள் காபி மெஷின் பக்கத்தில் பார்த்தபோது, "அந்தச் சொல்லை நீ சொல்லாதே" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் வேலை விஷயம் தவிர எங்களுக்குள் பேச்சே இல்லை.

என் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. பாடகரே அதைச் சொல்கிறார். என் நண்பரே தன் கூட்டாளிகளிடம் சிரித்துக்கொண்டு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரன் சொன்னால் தப்பு, சரி. நானும் கறுப்புதானே? பள்ளிக்கூடத்தில் என்னைக் 'கருவாயா' என்றுதான் கூப்பிட்டார்கள். "இவங்களுக்கு எதுக்கெடுத்தாலும் கோபம், கண்டுக்காதே" என்கிறார்கள் என் ரூம்மேட்டுகள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? எப்படிக் கேட்பது? அடுத்த மாதம் ஒரு ராப் கச்சேரிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறோம். அதற்குப் போகலாமா?

பெயர் வேண்டாம், அட்லாண்டா

பதில்:

தம்பி, முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பாடக்கூடாது. அந்தச் சொல் வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு, அடுத்த சொல்லில் சேர்ந்துகொள்ள வேண்டும். கறுப்பினத்தவர் அல்லாத எல்லோருக்கும் இதுதான் முறை. வெள்ளையருக்கும் இதுதான், தமிழருக்கும் இதுதான். மன்னிப்பும் கேட்க வேண்டும், இந்த வாரமே.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். இந்தக் கேள்வி என்னிடம் புதிதாக வரவில்லை. கேட்டு வருபவர்களில் பலரும் உங்களைப் போல அந்த இசையை உண்மையாகவே நேசிப்பவர்கள். அதனால்தான் 'கூடாது' என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது. காரணம் புரியாமல் கடைப்பிடிக்கிற விதி, ரூம்மேட் ஒருவர் கிண்டல் செய்தாலே காணாமல் போய்விடும். அந்தச் சொல்லை நானும் இங்கே எழுதப்போவதில்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

உங்களுக்கு நடந்தது ஒரு மேடையிலேயே நடந்திருக்கிறது, அதுவும் லமாரின் மேடையில். 2018 மே மாதம், அலபாமா மாநிலத்தின் கடற்கரை ஊரான கல்ஃப் ஷோர்ஸில் ஓர் இசை விழா. ரசிகர்கள் சிலரை மேடைக்கு அழைத்துத் தன்னோடு பாடச் சொன்னார் லமார். ஏறி வந்தவர்களில் ஒரு வெள்ளையினப் பெண், பாட்டில் இருந்ததை இருந்தபடியே பாடினார், அந்தச் சொல்லையும் சேர்த்து. லமார் பாட்டை நிறுத்தினார். அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லி, மறுபடியும் பாட ஒரு வாய்ப்புக் கொடுத்தார். நாடு முழுக்க இதைப் பற்றி விவாதம் நடந்தது. "அவரே எழுதி, அவரே மேடைக்குக் கூப்பிட்டு, அவரே நிறுத்துவது என்ன நியாயம்?" என்று கேட்டவர்கள் நிறைய. உங்கள் கேள்வியும் அதேதான்.

அந்தக் கச்சேரிக்கு ஒரு மாதம்கூட முன்னால் இல்லை, 2018 ஏப்ரல் கடைசியில், அதே அலபாமாவின் தலைநகரான மாண்ட்கமரியில் ஒரு நினைவிடம் திறந்தார்கள். 1877 முதல் 1950 வரை கும்பல்களால் அடித்தும் தூக்கிலிட்டும் எரித்தும் கொல்லப்பட்ட கறுப்பின மக்களுக்கான நினைவிடம் அது. 4,400க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய பதிவு அங்கே இருக்கிறது. கொலை நடந்த ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் இரும்புத் தூண் என்று 800க்கும் மேற்பட்ட தூண்கள். உள்ளே நடக்க நடக்கத் தரை கீழே இறங்கும். முதலில் கண்ணுக்கு நேராக நின்ற தூண்கள் பிறகு நம் தலைக்கு மேலே தொங்கும். அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம்தான். ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் சரி, உங்கள் அட்லாண்டாவிலேயே 1906 செப்டம்பரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைத் தெருத்தெருவாக வேட்டையாடியது. குறைந்தது 25 பேர் செத்தார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் சொல், அந்த மக்கள் கடைசியாகக் காதில் கேட்ட சொற்களில் ஒன்று. அடிமைச் சந்தையில் விலை பேசியவன் வாயிலும் அதுதான் இருந்தது. 1960களில் ஓட்டுப் போட வரிசையில் நின்றவர்களை விரட்டியவன் வாயிலும் அதுதான். உங்கள் நண்பரின் தாத்தா பாட்டி அந்தக் காலத்தைப் பார்த்தவர்களாக இருப்பார்கள்.

"அப்படியானால் அவர்களே ஏன் சொல்லிக்கொள்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். 2017 நவம்பரில், இல்லினாய் மாநிலம் எவன்ஸ்டன் நகரப் பள்ளி ஒன்றில் கறுப்பின எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸ் பேசினார். ஒரு வெள்ளையின மாணவி எழுந்து, பாட்டில் வருகிறது என்று சொல்லி என் நண்பர்கள் இந்தச் சொல்லைப் பாடுகிறார்களே, அவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டார். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் எந்தச் சொல்லுக்கும் பொருள் வருகிறது என்பது கோட்ஸின் பதில். அவருடைய அப்பாவின் பெயர் வில்லியம் பால் கோட்ஸ். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் அங்கே அவரை 'பில்லி' என்பார்களாம். மகனான தான் அப்படிக் கூப்பிட்டால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டார். நம் ஊரிலும் அப்பாவின் கூட்டாளிகள் அவரை ஒரு பட்டப்பெயர் சொல்லி, தோளில் தட்டிக் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டே வளர்ந்திருந்தாலும் நாம் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டோம். நம் உறவு வேறு என்பது யாரும் சொல்லித் தராமலே நமக்குத் தெரியும்.

தங்களை அடிக்க வீசியதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதைத் தங்களுக்குள் நட்பின் அடையாளமாக மாற்றிக்கொண்டார்கள் கறுப்பின மக்கள். அது அவர்கள் பட்ட துன்பத்தில் கிடைத்த உரிமை. நீங்களும் நானும் அந்தத் துன்பத்தைப் படவில்லை.

கறுப்பின மக்கள் எல்லோரும் இதில் ஒரே கருத்து உடையவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2007 ஜூலையில் டெட்ராய்ட்டில், என்.ஏ.ஏ.சி.பி. என்ற அவர்களின் பழம்பெரும் உரிமை அமைப்பு, இந்தச் சொல்லுக்குச் சவப்பெட்டி வைத்து ஊர்வலம் நடத்தி அடக்கமே செய்தது. எங்கள் பிள்ளைகளும் இதைச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் கட்சி. நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர் பல ஆண்டுகள் மேடையில் அதைத் தாராளமாகப் புழங்கியவர். 1979ல் கென்யாவுக்குப் போய்வந்த பிறகு, இனி சொல்ல மாட்டேன் என்று விட்டுவிட்டார். இன்னொரு பக்கம், இது எங்கள் பேச்சுவழக்கு, இதை யாரும் எங்களிடமிருந்து பிடுங்க முடியாது என்று சொல்கிற ராப் பாடகர்கள் இருக்கிறார்கள். இது அவர்கள் வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதம். பிரையர் பக்கமா ராப் பாடகர்கள் பக்கமா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. இரண்டு பக்கத்திலும் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. வெளியாட்கள் அதைச் சொல்லக்கூடாது.

"நான் சொல்லவில்லை, பாட்டில் இருந்ததைத்தான் பாடினேன்" என்பது உங்கள் அடுத்த வாதம். மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்கிறீர்கள், நான் நம்புகிறேன். உங்கள் நண்பரும் நம்புவார் என்றே நினைக்கிறேன். உங்களை மோசமானவர் என்று முடிவு கட்டியிருந்தால் மறுநாள் வந்து அந்த ஒரு வரியைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் பாட்டு என்பது என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். ஒரு கட்டுரையில் இன்னொருவர் சொன்னதை மேற்கோள் காட்டும்போது நமக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. பாடும்போது அந்த இடைவெளி கிடையாது. பாட்டில் வரும் 'நான்' நாமாகிவிடுகிறோம். பாட்டைப் பிடிப்பதற்கே அதுதான் காரணம். ராப்பில் இது இன்னும் அதிகம். லமாரைப் போலக் கலிஃபோர்னியாவின் காம்ப்டன் ஊர்த் தெருவில் வளர்ந்த பையன் தன் வாழ்க்கையைத் தன் குரலில் சொல்கிறான், நாமும் அவனோடு சேர்ந்து மூன்று நிமிடம் அவனாகிறோம். அந்தச் சுகத்தை நீங்கள் தாராளமாக அனுபவிக்கலாம். அதில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நீங்கள் அவன் இல்லை என்று ஒதுங்கி நிற்க வேண்டும். கரோக்கியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கூட்டத்தில் ஒருவராக முணுமுணுப்பது வேறு, மைக்கைப் பிடித்துத் தனிக்குரலில் நண்பரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. அன்றைக்கு அந்த அறையில் எத்தனை கறுப்பினத்தவர் இருந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் ஒருவர்தான் என்றால், மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவர் எவ்வளவு தனியாக உணர்ந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி 'நானும் கறுப்புதானே' என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி அதுதான். பள்ளிக்கூடத்தில் 'கருவாயா' என்று கூப்பிட்டது கொடுமை. அந்த வலியைச் சின்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அது இந்தச் சொல்லைப் பாடுவதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. உங்கள் நிறத்துக்காக நம் ஊரில் கேலி செய்தார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களை அவர்கள் தலைமுறைகளோடு சேர்த்து விற்றார்கள், சட்டம் போட்டுத் தள்ளி வைத்தார்கள். இரண்டும் வேறு வேறு கதைகள்.

இரண்டு கதைகளும் சேர்கிற இடம் ஒன்று உண்டு, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் அமெரிக்கக் குடியுரிமை கேட்டிருந்தார். இந்தியர் வெள்ளையர் அல்லர், அதனால் குடியுரிமை கிடையாது என்று 1923ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1946ல் அந்தத் தடை நீங்கிய பிறகும் ஆண்டுக்கு 100 இந்தியர்தான் குடியேறலாம் என்று வரம்பு இருந்தது. அந்தக் கதவு திறந்தது 1965ன் குடியேற்றச் சட்டத்தால். அதற்கு முந்தைய ஆண்டு வந்தது குடிமை உரிமைகள் சட்டம், அதே 1965ல் வந்தது வாக்குரிமைச் சட்டம். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிபட்டு நடத்திய போராட்டம்தான் நாட்டின் மனநிலையை அந்தப் பக்கம் திருப்பியது. நாம் இன்று அட்லாண்டாவில் வேலை பார்ப்பதில் அவர்கள் சிந்திய இரத்தத்துக்கும் பங்கு இருக்கிறது. இந்தியப் பிள்ளைகள் இதை அறியாமலே இந்த நாட்டில் பட்டம் வாங்கிப் போவது எனக்கு மிகவும் வருத்தம்.

மார்ட்டின் லூதர் கிங் 1959ல் இந்தியா வந்தபோது தெற்கே உங்கள் ஊர்ப் பக்கத்துக் காந்திகிராமத்துக்கும், அப்புறம் திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் போனார். கேரளத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றில், தலைமையாசிரியர் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டப்படாதவர்' என்று அறிமுகம் செய்திருக்கிறார். கிங்குக்கு முதலில் அதிர்ச்சி, கொஞ்சம் கோபம்கூட. பிறகு தன் மக்கள் இருக்கும் நிலையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று உணர்ந்தாராம். 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் எபனேசர் தேவாலயத்தில் நின்று இதை அவரே சொன்னார். அந்த ஆசிரியர் சொல்லும்போது அது அவரைத் தொட்டது. அந்தப் பெயரால் வாழ்நாளெல்லாம் தள்ளி வைக்கப்பட்ட பிள்ளைகளோடு இருந்தவர் சொன்னது அது. அதே சொல்லை ஒரு வெள்ளையின ஆளுநர் சொல்லியிருந்தால் அது வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே சொல்லை ஒருவர் சொல்லலாம், இன்னொருவர் சொல்லக்கூடாது என்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த விசித்திரம் என்று உங்கள் ரூம்மேட்டுகள் நினைக்கலாம். நம் சட்டத்திலேயே அது இருக்கிறது. 1989ன் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லி இழிவாகப் பேசுவதைக் குற்றம் என்கிறது. அந்தப் பிரிவு தொடங்குவதே 'பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத எவரும்' என்றுதான். அதாவது சொல்பவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் சட்டம் பேசவே ஆரம்பிக்கிறது. தங்கள் சாதிப் பெயரைத் தாங்களே தலைநிமிர்ந்து சொல்லிப் பாடுகிற தலித் கலைஞர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு ரசித்துவிட்டு, வேறு சாதிக்காரர் ஒருவர் அதே பெயரைத் தெருவில் கத்திக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, மன்னிப்புக்கு வருவோம். சுருக்கமாக, நேரில், தனியாக. டீம் குரூப்பில் செய்தி போடக்கூடாது. அவர் வேலை நடுவே இல்லாத நேரமாகப் பாருங்கள். "அன்றைக்கு நான் அந்தச் சொல்லைப் பாடியது தப்பு. நீ சொன்னதைப் பற்றி யோசித்தேன். இனி பாட மாட்டேன். என்னை மன்னித்துவிடு." இவ்வளவு போதும், சொல்லிவிட்டு நிறுத்திவிட வேண்டும். உள்ளே பொங்கிக்கொண்டிருக்கும் விளக்கங்களை எல்லாம் வெளியே விடாதீர்கள். நான் கெட்டவன் இல்லை, நானும் கறுப்பு, எனக்குப் பள்ளியில் நடந்தது என்று ஆரம்பித்தால், கடைசியில் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வந்துவிடும். 'உனக்கு வருத்தமாக இருந்திருந்தால்' என்ற வார்த்தையும் வேண்டாம். வருத்தப்பட்டார் என்பது தெரிந்த பிறகு அதில் 'இருந்திருந்தால்' எதற்கு?

2019 அக்டோபரில் ஜீனா ரோட்ரிகஸ் என்ற நடிகைக்கு இதுதான் நடந்தது. அவர் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர், வெள்ளையர் அல்லர், உங்களைப் போல அந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவர். ஃபியூஜீஸ் குழுவின் பாட்டு ஒன்றை அந்தச் சொல்லோடு பாடி இன்ஸ்டாகிராமில் போட்டார். எதிர்ப்பு வந்ததும், யாராவது புண்பட்டிருந்தால் மன்னியுங்கள் என்ற தோரணையில் ஒரு வீடியோ போட்டார். கோபம் அதிகமானதுதான் மிச்சம். பிறகு தன் தப்பைத் தப்பென்றே ஒத்துக்கொண்டு இரண்டாவது தடவை எழுத வேண்டி வந்தது. முதல் தடவையே அதைச் செய்துவிடுங்கள்.

மன்னிப்புக் கேட்ட உடனே பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் "சரி" என்று மட்டும் சொல்லலாம், ஒன்றும் சொல்லாமலும் போகலாம். காத்திருங்கள். நடுவில் அவரிடம் போய் இதைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடு என்றும் கேட்க வேண்டாம். புத்தகங்கள் இருக்கின்றன, நினைவிடங்கள் இருக்கின்றன. முக்கியமாக, இனிமேல் உன் முன்னால் மட்டும் பாடலாமா என்று எந்த நண்பரிடமும் அனுமதி கேட்காதீர்கள். அப்படிக் கேட்டு, "ஓகே, உனக்குப் பரவாயில்லை" என்று வாங்கி வைத்துக்கொள்ளும் இந்திய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் தன் இனத்தார் எல்லோர் சார்பாகவும் அனுமதி தர முடியாது. நட்புக்காக மறுக்க முடியாத இடத்தில் அவரை நிறுத்துவதும் நியாயம் இல்லை.

மற்றச் சொற்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்களை இழிவுபடுத்தும் சொற்களும், தன்பாலின ஈர்ப்புள்ளவர்களை ஏசும் சொற்களும் ராப்பில் நிறையவே உண்டு. அவற்றுக்கு இந்த அளவு கறாரான பொது விதி இன்னும் உருவாகவில்லை. என் கருத்தில், யாரைக் குறிக்கிறதோ அவர்கள் அறையில் இருந்தால் எந்தச் சொல்லைப் பாட நமக்கு வாய் கூசுமோ, அவர்கள் இல்லாதபோதும் அதைத் தவிர்ப்பதே நல்லது. பாடகர்களே மாற்றிக்கொள்ளவும் செய்கிறார்கள். 2022ல் லிஸோ தன் பாட்டு ஒன்றில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களைப் புண்படுத்தும் சொல் இருக்கிறது என்று மாற்றுத்திறனாளிகள் சொன்னதும், சில நாட்களில் அதை மாற்றிப் புதிதாக வெளியிட்டார். அடுத்த சில வாரங்களில் பியான்சேவும் அதே சொல்லைத் தன் பாட்டிலிருந்து எடுத்தார். பாட்டு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ரூம்மேட்டுகள் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. காருக்குள் தனியாக இருக்கும்போது நீங்கள் என்ன பாடுகிறீர்கள் என்று யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. அங்கேயும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் நாக்கு பழக்கத்துக்கு அடிமை. காரில் பாடிப் பழகியதைத்தான் கரோக்கியிலும் பாடினீர்கள். ஆனால் நாலு தமிழ்ப் பையன்கள் சேர்ந்த வீட்டில் அது பாட்டோடு நிற்பதில்லை. சேர்ந்து பாடுவதில் தொடங்கி, ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிடுவதில் போய் நிற்கிறது. அதோடு, கடையிலும் பஸ்ஸிலும் பக்கத்தில் நிற்பவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் 'கருப்பன்' என்று தமிழில் பேசுவதும் நடக்கிறது. அங்கே வீடு பார்க்காதே, கருப்பனுங்க ஏரியா என்று புதிதாக வரும் மாணவருக்கு நம்மவர்களே சொல்லிக்கொடுப்பதை நான் கேட்டிருக்கிறேன். அவர்களின் இசை வேண்டும், உடை வேண்டும், பேச்சு வேண்டும், பக்கத்து வீட்டில் மட்டும் அவர்கள் வேண்டாம் என்பது எனக்குப் பொறுக்காது. உங்கள் ரூம்மேட்டுகளிடம் சண்டை போடச் சொல்லவில்லை. "எனக்கு வீடு தேடிக் கொடுத்தவரைப் பற்றி இப்படிப் பேச நான் விட மாட்டேன்" என்று ஒரு தடவை சொல்லுங்கள். அது அவர்கள் காதில் ஏறும்.

கச்சேரிக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள், டிக்கெட்டை விற்க வேண்டாம். மன்னிப்புக் கேட்ட அதே நேரத்தில் கச்சேரிப் பேச்சை எடுக்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும். அப்புறம் சாதாரணமாக, நீ வருகிறாயா என்று கேளுங்கள். அவர் வேறு நண்பர்களோடு போவதாகச் சொன்னால் முகம் சுளிக்காமல் சரி என்று சொல்லிவிடுங்கள்.

அதற்குள் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். வரி விடாமல் மனப்பாடம் செய்த பாட்டில் ஒரு சொல்லை விடுவது அவ்வளவு சுலபம் இல்லை. ராப்பில் அந்தச் சொல் பெரும்பாலும் வரியின் முடிவில், எதுகை விழும் இடத்தில் வந்து உட்காரும், வாய் தானாக அங்கே போகும். அமெரிக்க வானொலியில் காலை 6 முதல் இரவு 10 வரை ஆபாசச் சொற்களை ஒலிபரப்பத் தடை இருப்பதால், பிரபலமான பாட்டுகளுக்கு 'க்ளீன்' வெர்ஷன் தனியாக வெளியிடுவார்கள். அதில் அந்த இடம் மௌனமாக இருக்கும், அல்லது ஒலியைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் 'E' என்ற ஆங்கில எழுத்து போட்ட பாட்டுகளைத் தவிர்க்கும் வசதியும் இருக்கிறது. இரண்டு வாரம் அந்த வெர்ஷனோடு பாடுங்கள், அந்த இடத்தில் மூச்சு எடுத்துக்கொள்ள வாய் பழகிவிடும். அதற்குப் பதிலாக வேறு ஏதாவது வேடிக்கையான சொல்லைப் போட்டுப் பாடுபவர்கள் உண்டு. அது கவனத்தை அந்தச் சொல்லின் மேலேயே இழுக்கும், எனக்குப் பிடிப்பதில்லை. கரோக்கிக்கும் அலுவலக விருந்துக்கும் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்துவிடுங்கள். திரும்பத் திரும்ப அந்தச் சொல் வரும் பாட்டை அங்கே எடுக்கவே வேண்டாம். அவுட்காஸ்டிலேயே அது இல்லாத பாட்டுகள் இருக்கின்றன.

அரங்கில் உங்களைச் சுற்றி நிற்கும் வெள்ளையினப் பிள்ளைகள் பலர் அந்தச் சொல்லைக் கத்திப் பாடத்தான் செய்வார்கள். பாடகரே மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டவும் செய்யலாம். அவர்களைத் திருத்துவது உங்கள் பொறுப்பு இல்லை, அவர்கள் பாடுகிறார்களே என்று நீங்களும் பாடவும் வேண்டாம். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் தொண்டை கட்டும் வரை பாடுங்கள். நண்பர் பக்கத்தில் நின்றால், அந்த இடம் வரும்போது அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அவரும் பாட்டு கேட்கத்தான் வந்திருக்கிறார்.